புதுசா சூப்பர்வைசர் ஆயிருக்கீங்களா? கெட்ட சேதி உங்க காதுக்குத்தான் மொதல்ல வரணும்

போன மாசம், முன்ன என் கிட்ட வேல பாத்த தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். "அக்கா, என்னைய சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க, திங்கக்கெழம மொத நாளு, எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலக்கா"ன்னான். அன்னைக்கு பினாங்கு பாலத்துல சரியான ஜாம், ஃபேக்டரி பஸ்ல ஒக்காந்துக்கிட்டே முக்கா மணி நேரம் பேசினேன், பட்டர்வொர்த்துல எறங்குற வரைக்கும் பேசியும் பாதிதான் சொல்ல முடிஞ்சிச்சு. மிச்சத்தையும் சேத்து இங்க எழுதி வைக்கிறேன், அவனுக்கும் ஆகும், அவன மாதிரி புதுசா பொறுப்புக்கு வந்தவங்களுக்கும் ஆகும்.

நான் மலேசியாவுல, பினாங்கு பாயான் லெப்பாஸ்ல எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி வேலைல 22 வருஷமா இருக்கேன். ஆபரேட்டரா சேந்தேன், அப்புறம் டெக்னிஷியன், இப்ப ஒரு ஷிஃப்டுக்கு 34 பேர பாத்துக்கிறேன். அதனால நான் சொல்ற உதாரணமெல்லாம் புரொடக்‌ஷன் லைன்ல நடக்குறதாத்தான் இருக்கும், ஆனா நீங்க கடை வச்சிருந்தாலும் சரி, கிளினிக் கவுண்டர்ல நாலு பேருக்கு பெரியவங்களா இருந்தாலும் சரி, ஆஃபீஸ்ல டீம் லீடரா இருந்தாலும் சரி, முக்காவாசி அப்படியே பொருந்தும்.

நல்ல பாஸ் யாருன்னு கேட்டா நெறைய பேரு "சிரிச்சி பேசுவாரு", "தீபாவளிக்கு பிஸ்கட் டின் குடுப்பாரு", "லீவு கேட்டா யோசிக்காம குடுப்பாரு"ன்னு சொல்லுவாங்க. இருந்தா நல்லதுதான். நான் பாக்குறது இத: லைன்ல ஒரு தப்பு நடந்தா, அத செஞ்ச ஆளு எத்தன நிமிஷத்துல தானா வந்து பாஸ் கிட்ட சொல்றாங்க? அஞ்சு நிமிஷத்துல வந்து சொன்னா அங்க நல்ல பாஸ் இருக்காரு. மறுநாள் வேற யாரோ கண்டுபிடிச்சி சொன்னா, அந்த பாஸ் எவ்ளோ படிச்சிருந்தாலும் அவரு கீழ இருக்குறவங்க பயத்துலதான் வேல பாக்குறாங்க.

இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். வேலைக்கி சேந்த மொத வருஷம், அது வேற ஃபேக்டரி. சர்க்யூட் போர்டு மேல சின்னச் சின்ன எலக்ட்ரானிக் சாமான ஒட்டுறதுக்கு சோல்டர் பேஸ்ட்னு ஒண்ணு இருக்கு, சாம்பல் கலர்ல பசை மாதிரி, அரை கிலோ ஜாடில வரும், ஃபிரிட்ஜ்லதான் வைக்கணும். வெளிய எடுத்தா மூடிய தொறக்காம நாலு மணி நேரம் போல அப்படியே விடணும், ரூம் சூட்டுக்கு வந்த பொறவுதான் தொறக்கலாம். ஏன்னா ஜில்லுனு இருக்கும்போதே தொறந்தா காத்துல இருக்குற ஈரம் அது மேல படிஞ்சிரும், ஐஸ் மைலோ டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்குதுல்ல, அதே மாதிரி. அந்த ஈரத்தோட போர்டு ஓவனுக்குள்ள போனா, உள்ள 240 டிகிரி சூடு, தண்ணி பொரிஞ்சி தெறிக்கும், சோல்டர் கடுகு கடுகா, சில நேரம் கடுகவிட சின்னதா சிதறி, சாமானோட ரெண்டு காலுக்கு நடுவுல போயி ஒக்காந்துக்கும். ரெண்டு காலும் ஒட்டிக்கிட்டா அந்த போர்டு போச்சு.

அன்னைக்கு நைட் ஷிஃப்ட். ஓடிக்கிட்டு இருந்த ஜாடி முடிஞ்சிருச்சு, அடுத்த ஜாடிய வெளிய எடுத்து ஒண்ணரை மணி நேரம்தான் ஆயிருந்திச்சு. கையில எடுத்தப்பவே தெரிஞ்சிச்சு, ஜில்லுனு இருந்திச்சு. ஆனா லைன் நின்னா எங்க சூப்பர்வைசர் கத்துற கத்து மூணு லைனுக்கு கேக்கும். தொறந்துட்டேன். அரை மணி நேரத்துல மனசு அடிச்சிக்க ஆரம்பிச்சிருச்சு, போயி சொல்லிரலாம்னு ரெண்டு தடவ அவரு மேசை பக்கம் நடந்தேன், அவரு ஒரு நேப்பாளி பையன நிக்க வச்சி திட்டிக்கிட்டு இருந்தாரு, திரும்பி வந்துட்டேன். காலைல கடைசி செக்கிங்ல மாட்டிச்சு. அப்பவே சொல்லியிருந்தா நாப்பது அம்பது போர்டோட போயிருக்கும், விடிய விடிய ஓடினதுல 600க்கு மேல. ஷிஃப்ட் மாறுற நேரம், ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்களும் பாக்குற மாதிரி என்னைய நிக்க வச்சி திட்டினாரு. அன்னைக்கு அங்க நின்ன அத்தன பேரும் ஒரு பாடம் கத்துக்கிட்டாங்க, மாட்டுற வரைக்கும் வாய தொறக்கக் கூடாதுன்னு. ஜாடிய பத்தி ஒருத்தரும் ஒண்ணும் கத்துக்கல. அதுக்கு பொறவு அந்த லைன்ல ஒவ்வொரு ரிஜெக்டும் அடுத்த ஷிஃப்ட் தலையிலதான் விடிஞ்சிச்சு.

மொத பத்து நிமிஷம்

யாராச்சும் வந்து "அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்"னு சொல்ற அந்த நேரம்தான் நீங்க பாஸா இருக்குறதுலயே பெரிய நேரம். அந்த பத்து நிமிஷத்துல ஒங்க மூஞ்சி எப்படி இருந்திச்சுன்னு சொன்னவங்க மட்டும் பாக்க மாட்டாங்க, பக்கத்து மெஷின்ல இருக்குறவங்க, கேன்டீன்ல கேள்விப்படுறவங்க எல்லாரும் பாப்பாங்க, அடுத்த தடவ உங்க கிட்ட வரலாமா வேணாமான்னு அப்பவே முடிவு பண்ணிருவாங்க.

மொத வார்த்த "நல்ல வேள, சொன்னியே"ன்னு இருக்கட்டும். மனசுக்குள்ள கொதிச்சாலும் இத சொல்லுங்க. சொல்லி பழகணும், தானா வராது, நான் வீட்ல என் பையன் கிட்ட பழகினேன், அவன் டம்ளர ஒடச்சாலும் மொதல்ல இதத்தான் சொல்லுவேன். ரெண்டாவது, "இன்னும் ஓடிக்கிட்டு இருக்கா?"ன்னு கேளுங்க, ஓடினா நிறுத்துங்க. மூணாவது, சந்தேகப்படுற சாமான தனியா எடுத்து வச்சி செவப்பு டேப் ஒட்டி, எந்த நேரத்துலருந்து எந்த நேரம் வரைக்கும்னு எழுதுங்க, அந்த ஆளையே கூட வச்சிக்கிட்டு செய்ங்க, அப்பதான் தப்ப சரி பண்றதுலயும் தனக்கு பங்கு இருக்குன்னு அவங்களுக்கு தெரியும். "ஏன் பண்ணின"ங்கிறது அப்புறம், தண்ணி குடிச்சி, மூச்சு விட்டு, ஒக்காந்து கேக்க வேண்டியது. "யாரு பண்ணினது"ங்கிறத மொத கேள்வியா கேக்கவே கேக்காதீங்க. ஆளத் தேடி பேர கண்டுபிடிக்கிற வரைக்கும் லைன் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

டொயோட்டா ஃபேக்டரிங்கள்ல லைன் ஓரமா ஒரு கயிறு தொங்கும் (இப்ப சில எடத்துல கயிறுக்கு பதிலா பட்டன்), எந்த தொழிலாளியும் அத இழுக்கலாம். இழுத்தா டீம் லீடர் அந்த எடத்துக்கு வருவாரு, அந்த கொஞ்ச நேரத்துல சரி பண்ண முடியலன்னா லைனே நிக்கும். கார் செய்ற லைன் நின்னா எவ்ளோ காசுன்னு யோசிச்சு பாருங்க, அந்த அதிகாரத்த மேனேஜர் கையில வைக்காம அங்க நிக்கிற ஆளு கையில குடுத்திருக்காங்க. உங்க எடத்துல கயிறு இல்லன்னாலும் நீங்கதான் அந்த கயிறு.

"ஏன்"னு கேக்குறதுக்கும் ஒரு மொற இருக்கு, இதுவும் டொயோட்டாகாரங்க பழக்கினதுதான், அஞ்சு தடவ ஏன் கேக்குறது. நான் சூப்பர்வைசர் ஆன ரெண்டாவது வருஷம் என் லைன்லயே ஒரு பொண்ணு அதே மாதிரி ஜாடிய சீக்கிரம் தொறந்திருச்சு, ஆனா பத்து நிமிஷத்துல வந்து சொல்லிருச்சு. ஒக்காந்து பேசினோம். ஏன் தொறந்த? வேற ஜாடி ரெடியா இல்லக்கா. ஏன் ரெடியா இல்ல? பகல் ஷிஃப்ட் எடுத்து வைக்கல. ஏன் வைக்கல? அது யாரு வேலைன்னு எழுதி இல்ல. சரி, வெளிய எடுத்து எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாத்தியா? லேபிள்ல எடுத்த நேரம் 10:50னு இருந்திச்சு, கூட்டிப் பாக்குறப்ப தப்பா கூட்டிட்டேங்கா. அங்கதான் விஷயம் இருந்திச்சு. ராத்திரி ஒண்ணரை மணிக்கு கண்ணு சொருகுற நேரத்துல ஒருத்தர கணக்கு போட வச்சிருக்கோம். லேபிள்ல "எடுத்த நேரம்" பக்கத்துல "இதுக்கு பொறவு தொறக்கலாம்"னு இன்னொரு கட்டம் போட்டோம், எடுக்குறவங்களே ரெண்டையும் எழுதணும். ஷிஃப்ட் முடியுறதுக்கு முன்ன அடுத்த ஷிஃப்டுக்கு ரெண்டு ஜாடி வெளிய எடுத்து வைக்கணும்னு பாஸ்டவுன் புக்குல, அதான் அடுத்த ஷிஃப்டுக்கு எழுதி வைக்கிற நோட்டுல, ஒரு வரி சேத்தோம். அதோட அந்த பிரச்சன ரொம்ப கொறஞ்சிச்சு. அந்த பொண்ண திட்டி அனுப்பியிருந்தா லேபிள் அப்படியேதான் இருந்திருக்கும், அடுத்த மாசம் வேற ஒருத்தர் மாட்டியிருப்பாங்க.

எங்களுக்கு ஒரு டிரெய்னிங்ல சொன்னாங்க, அமெரிக்காவுல ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1990கள்ல ஆஸ்பத்திரி நர்ஸ் குழுக்கள்ல மருந்து தப்பா குடுக்குறத பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. நல்லா நடக்குற குழுவுல தப்பு கம்மியா இருக்கும்னு நெனச்சி பாத்தா, கணக்குல அங்கதான் தப்பு அதிகமா பதிவாயிருந்திச்சாம். அங்க தப்ப வெளிய சொன்னாங்க, மத்த எடத்துல மறச்சாங்க, அதான் வித்தியாசம். இத கேட்டதுலருந்து என் ஷிஃப்ட் ரிப்போர்ட்ல ஒரு வாரம் ஒரு பிரச்சனையும் இல்லன்னு வந்தா எனக்கு நிம்மதி இல்ல, லைனுக்கு எறங்கி போயி ஒவ்வொரு மெஷினா நின்னு பேசுவேன்.

எங்க வச்சி பேசணும்

திட்ட வேண்டிய நேரமும் வரும், அத ஒதுக்க முடியாது. எல்லாரு முன்னாடியும் வேணாம், வாட்சப் குரூப்ல சத்தியமா வேணாம். குரூப்ல போட்ட ஒரு வரி ஸ்கிரீன்ஷாட் ஆகி எங்கெங்கயோ போகும், அந்த ஆளு பொண்டாட்டி புள்ளைங்க வரைக்கும் போகும். கண்ணாடி வச்ச மீட்டிங் ரூமும் வேணாம், வெளிய இருந்து பாத்தாலே தெரிஞ்சிரும், யாரு தலைய குனிஞ்சிக்கிட்டு ஒக்காந்திருக்காங்கன்னு. நான் கேன்டீன்ல ஓரத்து மேசைக்கி கூட்டிட்டு போவேன், கூட்டம் இல்லாத நேரமா பாத்து ரெண்டு தே தாரிக் (ஆத்தின பால் டீ) வாங்கிக்கிட்டு. பேசி முடிச்சிட்டு ஒண்ணாத்தான் லைனுக்கு திரும்பி நடந்து வருவோம், அது முக்கியம், அவங்கள தனியா திரும்ப விடாதீங்க.

பாராட்டுறப்ப "வெரி குட், குட் ஜாப்"னு பொதுவா சொன்னா ஒட்டாது. "மூணாவது மெஷின் சத்தம் மாறினத நீ கவனிச்சி சொன்னதாலதான் பெல்ட் அறுந்து போறதுக்கு முன்ன மாத்தினோம்"னு சொல்லுங்க. எத செஞ்சா நல்லதுன்னு கேக்குற மத்தவங்களுக்கும் தெரியும்.

நம்ம ஆளு

இத கொஞ்சம் நேரம் எடுத்து சொல்லணும், ஏன்னா நம்ம தமிழ் ஆளுங்க பக்கம் இத யாரும் வெளிப்படையா பேசுறதில்ல. எங்க அம்மா நிபோங் திபால் பக்கம் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க, இருட்டோட பெரட்டுல, அதான் பேர் கூப்பிடுற எடத்துல, போயி நிப்பாங்க, வேலைய மேய்க்கிற தண்டல் பேர் கூப்பிடுவாரு. அதுக்கும் முந்துன காலத்துல கங்காணிங்க இருந்தாங்க, தன் சொந்த ஊர்லருந்து, தன் சனத்துலருந்தே ஆள கூட்டிட்டு வந்தாங்க, எத்தன தலை வேலைக்கி எறங்குதோ அதுக்கு தக்கன கங்காணிக்கி தலைக்காசு. 1938ல இந்தியா அந்த மாதிரி ஆளு அனுப்புறத நிறுத்துற வரைக்கும் இது நடந்திச்சு. "நம்ம ஆளுதானடா, எனக்காக எறங்கு"ன்னு காய்ச்சல்காரன கூட எழுப்பியிருக்காங்கன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. அந்த "நம்ம ஆளு" இப்பவும் ஃபேக்டரில இருக்கு.

ரெண்டு விதமா வரும். ஒண்ணு, தமிழ் சூப்பர்வைசர் தமிழ் புள்ளைங்களுக்கு நல்ல ஷிஃப்ட், லேசான மெஷின் குடுக்குறது. இன்னொண்ணு இதுக்கு நேர் எதிர், அது இன்னும் அதிகம், "நீ என் ஆளு, நீ கூட இப்படி பண்ணலாமா"ன்னு தமிழ் புள்ளைங்கள மட்டும் ரெண்டு மடங்கு வேல வாங்குறது, ஞாயித்துக்கெழம ஓ.டிக்கி அவங்களத்தான் கூப்பிடுறது, மத்தவங்கள கேட்டா மாட்டேன்னு சொல்லுவாங்க, நம்ம புள்ளைங்க சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சே கூப்பிடுறது. நானும் ஆரம்பத்துல அத செஞ்சிருக்கேன், ஒரு தங்கச்சி மூஞ்ச பாத்து சொல்லுச்சு, "அக்கா, நான் ஒங்களுக்கு தமிழா இருக்குறதுனால தொடர்ந்து நாலு ஞாயிறு வந்துட்டேன்"னு. அன்னைலருந்து ஓ.டிக்கி ஒரு பட்டியல் போட்டு செவுத்துல ஒட்டினேன், வரிசைப்படிதான், யார் பேருக்கு பக்கத்துல எத்தன தடவன்னு எல்லாரும் பாக்கலாம்.

மொழியும் இதுல சேத்திதான். லைன்ல மலாய்க்காரங்க, சீனர், நேப்பாளி, மியன்மார்காரங்க எல்லாம் நிக்கும்போது நீங்களும் இன்னொரு தமிழரும் தமிழ்ல பேசி சிரிச்சா, மத்தவங்க தங்களத்தான் சொல்றாங்கன்னு நெனப்பாங்க. ஹொக்கியன் சீனத்துல ரெண்டு பேரு பேசி நம்மள பாத்து சிரிக்கும்போது நமக்கு எப்படி இருக்கு? வேல விஷயம்னா எல்லாருக்கும் புரியுற மலாய்ல பேசுங்க, வீட்டு விஷயத்த பிரேக்ல தமிழ்ல பேசிக்கலாம். இது கெட்ட சேதிக்கும் நேரா சம்பந்தப்பட்டது, ஏன்னா ஒங்க மொழி தெரியாதவங்க ஒங்க கிட்ட தப்ப சொல்ல ரெண்டு மடங்கு தயங்குவாங்க. நேப்பாளி பையன் ஒருத்தன் அரைகுறை மலாய்ல சொல்றான்னா, முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம நில்லுங்க.

அதே மாதிரி பெருநாள். தைப்பூசத்துக்கு நம்ம புள்ளைங்க தண்ணீர்மலை கோயிலுக்கு போகணும், அன்னைக்கு லைன மத்தவங்க தாங்குறாங்க, நோன்புப் பெருநாளுக்கு நாம தாங்கணும். நோன்பு மாசத்துல எங்க நைட் ஷிஃப்ட் ஏழு மணிக்கு ஆரம்பிக்கும், நோன்பு தொறக்குற நேரம் ஏழரை வாக்குல, அந்த நேரத்துல ஷிஃப்ட் மீட்டிங் வச்சா அவங்க பேரீச்சம்பழத்த பாக்கெட்ல வச்சிக்கிட்டு நிக்கணும். மீட்டிங்க எட்டு மணிக்கு தள்ளினேன், அவ்ளோதான் செஞ்சேன், செலவு ஒண்ணும் இல்ல.

உங்கள விட வயசுல பெரியவங்க உங்களுக்கு கீழ இருந்தா "அண்ணே", "அக்கா"வ விட்டுறாதீங்க, பதவி வந்ததும் பேர் சொல்லி கூப்பிட்டா அவங்க உள்ளுக்குள்ள ஒடஞ்சி போயிருவாங்க. மொத வாரமே "அண்ணே, இந்த லைன்ல எது அடிக்கடி கழுத்தறுக்குது?"ன்னு கேளுங்க. பத்து வருஷமா யாரும் கேக்காத கேள்வியா இருக்கும், கொட்டுவாங்க.

கைய பின்னால கட்டிக்கோங்க

சொல்லிக் குடுக்குறதுல நான் பாத்த பெரிய ஆளு ஒரு சீன டெக்னிஷியன், எல்லாரும் அங்கிள்னுதான் கூப்பிடுவோம், ஜெலுத்தோங்லருந்து பழைய மோட்டார்சைக்கிள்ல வருவாரு. நான் டெக்னிஷியன் ஆன புதுசுல மெஷின் சாமான எடுக்காம எர்ரர் அடிச்சிக்கிட்டே இருக்கும். அவரு வந்தா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருவாரு, ஆனா செய்ய மாட்டாரு. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு எனக்கு பக்கத்துல நிப்பாரு. "நீ என்னா பாக்குற?"ம்பாரு. நாஸில், சாமான உறிஞ்சி எடுக்குற மூக்கு, அடைச்சிருக்கான்னு பாக்குறேன்ம்பேன். "பாத்தியா?" பாத்தேன், சுத்தமா இருக்கு. "அப்ப?" அப்புறம் சாமான் ஒட்டி வர்ற டேப் சரியா நகருதான்னு, அத தள்ளிக் குடுக்குற ஃபீடர கழட்டுவேன். தப்பான ஸ்குரூவ தொட்டா மட்டும் பின்னால இருந்து ஒரு சின்ன இருமல் வரும். இருபது நிமிஷம் ஆகும், லைன் நிக்கும், மேனேஜர் வந்து எட்டிப் பாப்பாரு, அங்கிள் "கொஞ்சம் பொறுங்க, அவங்க பாத்துக்கிட்டு இருக்காங்க"ன்னு மட்டும் சொல்லுவாரு. ஆறு மாசத்துல நான் அவரு இல்லாமலே ராத்திரி ஷிஃப்ட தாங்கினேன்.

இத நீங்க செய்யணும்னா, பொறுத்துக்க முடியுற எடத்துல ஆரம்பிங்க. அவசரமா கஸ்டமருக்கு போற லாட்ல வேணாம். மொதல்ல நீங்க ஒரு தடவ செஞ்சி காட்டுங்க, ஒவ்வொரு அடிலயும் ஏன்னு வாயால சொல்லிக்கிட்டே செய்ங்க. அப்புறம் அவங்க செய்யட்டும், உங்க கை பின்னால. மூணாவதா, அவங்கள வேற ஒரு புது ஆளுக்கு சொல்லிக் குடுக்க சொல்லி நீங்க தள்ளி நின்னு கேளுங்க, எங்க தடுமாறுறாங்களோ அங்கதான் இன்னும் புரியல. "புரிஞ்சிதா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டத்தான் செய்வாங்க, அந்த கேள்விய விட்டுருங்க.

சம்பளமும் லீவும்

இது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. ஒருத்தரோட ஓ.டி ஃபாரம் ஒங்க டிராயர்ல மூணு நாள் தூங்கி, அந்த மாசம் சம்பளத்துல சேராம போச்சுன்னா, நீங்க மேல சொன்ன அத்தனையும் செஞ்சாலும் பிரயோஜனம் இல்ல. ஃபாரம் வந்த அன்னைக்கே கையெழுத்து போடுங்க.

சட்டத்த கொஞ்சமாச்சும் தெரிஞ்சி வச்சிக்கோங்க, ஆளுங்க எச்.ஆர் கிட்ட கேக்குறதுக்கு முன்ன ஒங்க கிட்டதான் வருவாங்க. மலேசியாவோட 1955 வேலைச் சட்டத்த திருத்தி 2023 ஜனவரி 1லருந்து வாரத்துக்கு 48 மணி நேரமா இருந்தத 45 ஆக்கிட்டாங்க. சாதாரண நாள்ல ஓ.டிக்கி ஒன்றரை மடங்குக்கு கொறையக் கூடாது, மாசம் 4,000 வெள்ளிக்கி (ரிங்கிட்) மேல வாங்குறவங்களுக்கு இந்த சட்ட ஓ.டி பொருந்தாது. எம்.சி, அதான் டாக்டர் சீட்டோட எடுக்குற சம்பள லீவு, வருஷத்துக்கு, ரெண்டு வருஷத்துக்கு கீழ வேல பாத்தவங்களுக்கு 14 நாள், ரெண்டுலருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள 18, அஞ்சுக்கு மேல 22. பிரசவ லீவு 98 நாள். கல்யாணமான ஆம்பளைங்களுக்கு புள்ள பொறந்தா சம்பளத்தோட 7 நாள், ஒரே கம்பெனில 12 மாசமாச்சும் இருந்திருக்கணும், முன்கூட்டியே சொல்லணும். இந்த ஏழு நாள் இருக்குன்னே தெரியாம எங்க டெக்னிஷியன் ஒருத்தர் தன் வருஷ லீவ எடுத்து பொண்டாட்டிய பாத்துக்கிட்டாரு, யாரும் அவருக்கு சொல்லல. அதுக்கு பொறவு யாரு வீட்லயாச்சும் மாசமா இருக்காங்கன்னு கேள்விப்பட்டா நானே போயி சொல்லிருவேன்.

எம்.சி எடுத்துட்டு வர்றவங்கள "நெசமாவே காய்ச்சலா?"ன்னு கேக்காதீங்க. "இப்ப எப்படி இருக்கு"ன்னு கேளுங்க. அடிக்கடி எடுத்தா அதுக்கு பின்னால எதாச்சும் இருக்கும், வீட்ல வயசான அம்மா, கடன், குடிக்கிற புருஷன். பொறுமையா கேட்டா சொல்லுவாங்க.

மேல இருக்குறவங்க முன்னாடி

மேனேஜர் மீட்டிங்ல "இது யாரு பண்ணின வேல?"ன்னு கேப்பாரு. "என் லைன்ல நடந்தது சார், இதுக்கு இந்த இந்த மாத்தம் பண்ணியிருக்கோம்"னு சொல்லுங்க, பேர் வேணாம். நல்லது நடந்தா மட்டும் பேர் சொல்லுங்க, முடிஞ்சா அந்த ஆளையே கூட்டிட்டு போங்க. லேபிள்ல ரெண்டாவது கட்டம் போட்டத மீட்டிங்ல அந்த பொண்ணேதான் எழுந்து சொல்லுச்சு, கை நடுங்கிச்சு, ஆனா சொல்லுச்சு.

ஒங்க கெட்ட சேதியையும் நீங்க மேல சீக்கிரம் சொல்லணும். மேல மறச்சிக்கிட்டு கீழ மட்டும் "என் கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க"ன்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஆளுங்க ரொம்ப கூர்மையா பாக்குறாங்க.

எல்லாத்தையும் மன்னிச்சிக்கிட்டே இருக்க சொல்றேன்னு நெனச்சிராதீங்க. கை தவறி செஞ்சது வேற, தெரிஞ்சே செஞ்சது வேற. மெஷின் கதவு தொறந்தா நிக்கிறதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும், வேகமா முடிக்கணும்னு அத டேப் போட்டு ஒட்டி ஓட்டினா அது விரல் போற விஷயம், அங்கயே நிறுத்தி, எழுதி, மேல அனுப்பணும், நம்ம ஆளா இருந்தாலும். பொண்ணுங்கள தொட்டு பேசுறவன், கேவலமா ஜோக் அடிக்கிறவன், அதுலயும் அப்படித்தான், "விடும்மா, அவன் அப்படித்தான்"னு சமாதானம் பண்ற சூப்பர்வைசருங்கள நான் நெறைய பாத்துட்டேன், அதுக்கு பொறவு அந்த பொண்ணு வேற எதையும் அவங்க கிட்ட வந்து சொல்லாது. கேட்டது எல்லாத்தையும் தேதி நேரத்தோட எழுதிக்கிட்டு எச்.ஆருக்கு போங்க, விசாரிக்கிறது மொறப்படி நடக்கட்டும்.

அவங்க மேல போகட்டும்

நல்லா வேல பாக்குற ஆள பொத்தி வச்சிக்கிற பாஸுங்க இருக்காங்க, "அவ போயிட்டா என் லைன் படுத்துரும்"னு புரமோஷனுக்கு பேரே குடுக்க மாட்டாங்க. இது எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம், ஏன்னா நம்ம புள்ளைங்க எத்தன பேரு இப்படி பத்து வருஷம் ஒரே எடத்துல நின்னிருக்காங்கன்னு எனக்கு தெரியும்.

சான்றிதழ் இல்லாம அனுபவம் மட்டும் இருக்குறவங்களுக்கு ஒரு வழி இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது. எஸ்.கே.எம்னு சொல்ற மலேசிய திறன் சான்றிதழ, திரும்ப கிளாஸ் போயி ஒக்காராம, இத்தன வருஷம் செஞ்ச வேலைக்கி அத்தாட்சி சேத்து குடுத்து, மதிப்பீடு பண்ண வச்சி வாங்கலாம், அதுக்கு பேரு பி.பி.டி. ஜே.பி.கேங்கிற திறன் மேம்பாட்டு இலாகாவுலதான் கேக்கணும். அந்த அத்தாட்சில பாஸோட ஒப்புதல் வேண்டியிருக்கும், அதுக்கு ஒங்க கிட்ட வந்தா ஒக்காந்து உதவி பண்ணுங்க. பினாங்குல நமக்கு இன்னொரு வசதி, பாயான் லெப்பாஸ் பக்கத்துலயே ஸ்கில்ஸ் டெவலப்மென்ட் சென்டர் 1989லருந்து இருக்கு, பி.எஸ்.டி.சின்னா எல்லாருக்கும் தெரியும். 10 மலேசியருக்கு கொறையாம வச்சிருக்கிற, டிரெய்னிங் லெவி சட்டத்துக்குள்ள வர்ற கம்பெனிங்க டிரெய்னிங்குக்குன்னே மாசா மாசம் சம்பளத்துல 1 சதவீதம் லெவி கட்டுது, அந்த காசு இன்ஜினியருங்க கோர்ஸுக்கு மட்டும் போகணும்னு இல்ல. வருஷ ஆரம்பத்துல எச்.ஆர் பட்டியல் கேக்கும்போது ஒங்க ஆபரேட்டர் பேரு ரெண்டாச்சும் அதுல இருக்கட்டும்.

நீங்க சரியா செய்றீங்களான்னு பாக்க ஒரு வழி சொல்றேன். தீபாவளிக்கு அஞ்சு நாள் லீவு எடுங்க, ஒரு ஆள பொறுப்புல விடுங்க, நடுவுல போன் பண்ணி கேக்காதீங்க. திரும்பி வந்ததும் ஈமெயில தொறக்கறதுக்கு முன்ன பாஸ்டவுன் புக்க எடுங்க. அஞ்சு நாளும் "ஓகே, ஓகே, நோ இஷ்யூ"ன்னு எழுதியிருந்தா அந்த புள்ளைங்க இன்னும் பயப்படுறாங்க, மறுபடி ஓரத்து மேசைலருந்து ஆரம்பிக்கணும். போன தீபாவளி முடிஞ்சி நான் வந்து தொறந்தப்ப மூணாவது நாள் பக்கத்துல, சேந்து நாலு மாசமே ஆன ஒரு பையன், கோணல் மாணலா மலாய்ல எழுதியிருந்தான்: "ராத்திரி 2:40. பேஸ்ட் ஜாடிய நேரத்துக்கு முன்ன தொறந்துட்டேன், தப்பு என்னோடது. லைன நிறுத்திட்டேன். 36 போர்டு செவப்பு டேப் போட்டு ரேக் நாலுல இருக்கு. லேபிள்ல எழுத்து ரொம்ப சின்னது, ராத்திரி சரியா தெரியல, பெருசாக்கணும்." அன்னைக்கு மத்தியானமே லேபிள மாத்த குடுத்துட்டேன்.